கசிந்தது செம்புக் குழாயில், பிழை இருந்தது 4 சென்டிமீட்டரில்: கீழக்கரை வீடு ஒன்றின் வாஷ் பேசின் ஆய்வு

சுவரில் பச்சை படர்ந்திருந்தது. பாசி என்றுதான் அந்த வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பாசி என்றால் வழுக்கும். இது பொடியாக உதிர்ந்தது. பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்காமல் ஒரு மழைக்காலம் விட்டுவைத்தால் கழுத்தோரம் பிடிக்குமே, அதே நிறம். களிம்பு. உள்ளே எங்கேயோ தண்ணீர் செம்பைக் கழுவிக்கொண்டு வந்து சுண்ணாம்புச் சுவரில் விட்டிருக்கிறது.

கீழக்கரையில் சுவர் நனைந்திருக்கிறது என்று சொன்னால் எந்த பிளம்பரும் முதலில் நம்பமாட்டார். கடற்காற்றும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து இங்கே பழைய வீட்டுச் சுவர்கள் ஆண்டு முழுக்க உப்புப் பூத்துத்தான் நிற்கும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். உப்பு வெள்ளையாகப் பூக்கும், பச்சையாகப் பூக்காது. அந்த நிறம் இல்லையென்றால் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருப்பேன்.

வீடு 1950களின் கடைசியில் கட்டியது. இரண்டடிக் கனச் சுவர்கள். முருகைக்கல், அதாவது கடலில் வெட்டி எடுத்த பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும். 1986-ல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா ஆன பிறகு அந்தக் கல்லை நினைத்துப் பார்க்கவும் கூடாது. 2001 முதல் பவளம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஆகவே இந்தச் சுவரில் ஒரு கல் உடைந்தால் அதே கல்லை வைத்துச் சரி செய்ய வழியே கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் எடுத்த முடிவுகளில் பாதி இந்தச் சுவருக்காக எடுத்தவை.

வீட்டுக்கார உம்மாவுக்கு எண்பதுக்கு மேல் வயது. அவருடைய வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்தவர். குளியலறைச் சாமான் அத்தனையும் அங்கே வாங்கி, தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்து அந்த வழி அற்றுப்போவதற்குச் சில ஆண்டுகளுக்கு முந்தைய கதை. வேஸ்ட் பைப்பைக்கூட செம்பில் போட்டிருந்தார்கள். இந்தக் கடற்கரையில் நான் பார்த்த பழைய வீடுகளில் பெரும்பாலும் வார்ப்பிரும்பும் ஜி.ஐ. என்கிற துத்தநாக முலாம் பூசிய இரும்பும்தான், செம்பு வடிகால் எனக்கு இதுதான் இரண்டாவது.

"தம்பி, என்னமும் செய்ங்க. அந்தப் பைப்பை மட்டும் எடுத்துராதீங்க. எங்க வாப்பா கொண்டாந்து வச்சது" என்றார் உம்மா.

"பாத்துட்டுச் சொல்றேன் உம்மா" என்றேன். எடுக்க வேண்டியிருக்கும் என்றுதான் அப்போது மனதில் பட்டது.

ஆறு மாதம் முன்பு பழைய பேசின் விரிசல் விட்டதால் புதிது மாற்றியிருந்தார்கள். செய்தவர் வேறொருவர். புதிய பேசின், அதன் அடித்துளையில் மாட்டும் புதிய வேஸ்ட் கப்ளிங், சாக்கடை நாற்றம் ஏறாமல் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கிவைக்கும் பிளாஸ்டிக் பாட்டில் ட்ராப், அதிலிருந்து நெளிநெளியாக வளையும் ஃப்ளெக்ஸிபிள் பைப், அதன் முனையில் ஒரு துண்டு 32 மி.மீ. பிவிசி. அந்தத் துண்டைச் செம்புக் குழாயின் வாய்க்குள் 5 சென்டிமீட்டர் செருகி, சுற்றிலும் இரண்டு கலவையைப் பிசைந்து ஒட்டும் எபாக்சி சீல் போட்டிருந்தது.

அது ஏன் அப்படி வசதியாக உள்ளே போனது என்று வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். செம்புக் குழாயின் வெளி விட்டம் 34.6 மி.மீ., உள் விட்டம் 32.2. பழைய பிரிட்டிஷ் அளவில் இதற்கு ஒன்றேகால் இஞ்ச் என்று பெயர். அந்தக் காலத்துச் செம்புக் குழாய்க்கு உள்துளையை வைத்துப் பெயர் சொன்னார்கள். நம் பிவிசி பைப்புக்கு வெளி விட்டத்தை வைத்துப் பெயர் சொல்கிறோம். 32 என்றால் வெளியே 32. ஆகவே இந்த இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். தொழில் செய்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: இப்படி உள்ளே நுழைவது ஜாயின்ட் அல்ல. பொருந்தியது போலத் தோன்றுகிற இரண்டு குழாய்கள், அவ்வளவுதான். இன்றைய மெட்ரிக் செம்புச் சாமானிலும் இதற்கு நேர் ஜோடி இல்லை. அதில் அடுத்த அளவு 35.

எபாக்சி சீலைத் திருப்புளியால் நெம்பினேன். வளையமாக, முழுதாகக் கழன்று வந்தது. அதன் உட்புறம் முழுக்கப் பச்சைப் பொடி. செம்பில் களிம்பு என்று தமிழில் உவமையாகவே சொல்வார்கள், பிரிக்க முடியாமல் ஒட்டியதற்கு. களிம்பு செம்போடு ஒட்டும்; அதன்மேல் நாம் பூசுவது களிம்போடுதான் ஒட்டும், செம்போடு ஒட்டாது. உப்புத்தாள் போட்டு உலோகம் சிவக்கத் தேய்க்காமல் பூசிய எதுவும் நாளடைவில் கழன்றுவிடும். பொருளின் மேல் குற்றம் இல்லை.

சரி, செம்பைத் தேய்த்துவிட்டு மறுபடி சீல் பூசினால் முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். வீட்டுப் பேரன் ஒரு கேள்வி கேட்டான் (இங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்). "காக்கா, குழாயைத் திறந்துவிட்டா ஒழுகவே மாட்டேங்குதே. சுவரு மட்டும் எப்படி நனையுது?"

இந்த ஆய்வின் திருப்பம் அந்தக் கேள்விதான். சீலை நான் எடுப்பதற்கு முன்பே அவன் பலமுறை குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்திருக்கிறான், ஒருநாளும் சொட்டவில்லை. கழன்ற சீலைத் திரும்ப அதே இடத்தில் வைத்து, நான் பத்து நிமிடம் திறந்துவிட்டேன். சொட்டு இல்லை. பிறகு ஜாயின்ட்டைச் சுற்றி வெள்ளைத் துணியைக் கட்டினேன். பேசினை அடைத்து, விளிம்பு வரை நிரப்பி, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலக்கி, அடைப்பை எடுத்தேன். அரை நிமிடம் ஒன்றும் இல்லை. பேசின் பாதி காலியானபோது துணியின் அடிப்பக்கம் நீலமானது. சொட்டு கீழே விழவில்லை. குழாயின் வெளிப்புறத்தைப் பிடித்துக்கொண்டே சுவர்த் துளைக்குள் பின்னோக்கிப் போனது. தரையில் ஈரமே காணாமல் சுவர் மட்டும் நனைந்ததற்குக் காரணம் அதுதான்.

அதாவது தண்ணீர் முன்னே போக இடம் இல்லாமல் பின்னே வந்திருக்கிறது. மெதுவாக ஊற்றினால் செம்புக் குழாய் தாங்குகிறது. மொத்தமாக விட்டால் குழாய் நிறைந்து, பிவிசிக்கும் செம்புக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சன்ன இடைவெளி வழியாகத் திரும்புகிறது. அப்படியானால் உள்ளே அடைப்பு. அறுபது வருஷம் ஓடிய குழாய் ஆறு மாதத்தில் ஏன் அடைத்தது?

தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டம் பிடித்து உயரங்களைப் பார்த்தேன். தரையிலிருந்து செம்புக் குழாயின் மையம் 51 சென்டிமீட்டர். பாட்டில் ட்ராப்பின் வெளிவாய் மையம் 47. ட்ராப்பிலிருந்து சுவருக்கு 25 சென்டிமீட்டர் தூரம். அந்தத் தூரத்துக்குள் அழுக்குத் தண்ணீர் 4 சென்டிமீட்டர் மேலே ஏற வேண்டும்.

வளையும் பைப் செய்யும் கேடு இது. நேர்க் குழாயாக இருந்திருந்தால் உயரம் ஒத்துவரவில்லை என்று அந்த பிளம்பருக்கே கையில் பட்டிருக்கும். வளையும் பைப் எந்த உயர வித்தியாசத்தையும் மறைத்துவிடும். வடிகால் குழாய்க்கு மீட்டருக்கு 2 சென்டிமீட்டராவது இறக்கம் வேண்டும், அப்போதுதான் தண்ணீர் தன் வேகத்தில் முடியையும் சோப்புக் கசடையும் இழுத்துப் போகும். இங்கே ஏற்றம். தண்ணீர் ட்ராப்பிலிருந்து செம்பின் வாய் வரை எப்போதும் தேங்கி நின்றது. மேலிருந்து தள்ளும் தண்ணீர்தான் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் வழிந்தது. வேகம் செத்த தண்ணீர் செம்புக் குழாயின் அடியில் கசடை இறக்கிவைத்துவிட்டுப் போயிருக்கிறது. கம்பியில் துணி சுற்றி உள்ளே விட்டு இழுத்தபோது வந்தது: சாம்பல் நிறப் பசை, முடி, தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கு, இரண்டு கைப்பிடி.

ஆகவே கசிந்தது செம்பும் பிவிசியும் சேரும் இடத்தில். கசியவைத்தது பேசினுக்குக் கீழே இருந்த 4 சென்டிமீட்டர். ஜாயின்ட்டை எவ்வளவு அருமையாகப் போட்டிருந்தாலும் குழாய் அடைத்திருக்கும், வேறு இடத்தில் வெளியேறியிருக்கும். புதுப் பேசின் வாங்குகிறவர்களும் வைக்கிறவர்களும் சுவரில் இருக்கும் பழைய குழாயின் உயரத்தை டேப் வைத்து அளந்து, எழுதிக்கொண்டு கடைக்குப் போக வேண்டும் என்று நான் இப்போது கெஞ்சாத குறையாகச் சொல்லிவருகிறேன். எல்லோரும் அகலத்தையும் நிறத்தையும்தான் பார்க்கிறார்கள். புதுப் பேசின்கள் பழையதைவிடக் குழி ஆழமானவை. ட்ராப் தானாகவே கீழே இறங்கிவிடும்.

செம்பைக் காப்பாற்றலாமா

அடுத்து குழாயின் உடல்நிலை. சுவரிலிருந்து ஏழரை சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது. முனையில் ஒரு சென்டிமீட்டர் வளையமாக அறுத்து எடுத்தேன். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்து, சுற்றிலும் கனத்தை அளந்தேன். மேற்பக்கம் 1.2 மி.மீ. அடிப்பக்கம் 0.8. படுக்கை வாட்டத்தில் ஓடும் செம்பு வடிகால் இப்படித்தான் தேயும்: கசடு உட்காரும் அடிப்பக்கம் மெலியும், மேல்பக்கம் புதுசு மாதிரியே இருக்கும். மேலே மட்டும் தட்டிப் பார்த்து நல்ல குழாய் என்று முடிவு கட்டக்கூடாது. ஊசித்துளை எங்கும் இல்லை. டார்ச் அடித்து உள்ளே கண்ணுக்கு எட்டியவரை குழி விழவில்லை.

பழைய பித்தளை நட்டு ஒன்று அந்த வாயிலேயே மாட்டிக்கொண்டிருந்தது. அதன் மஞ்சள் உடம்பில் அங்கங்கே இளஞ்சிவப்புத் திட்டு. கத்தி முனையால் அழுத்தினால் உள்ளே இறங்கியது. உப்புத் தண்ணீரில் பித்தளையின் துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேறி, செம்பு பஞ்சு மாதிரி மிச்சம் நிற்கும். இங்கே போர்வெல் தண்ணீர் அப்படி. குடிக்க வாங்கும் தண்ணீர் வேறு, பேசினில் ஓடும் தண்ணீர் வேறு. சுத்தமான செம்பு தாக்குப்பிடித்த இடத்தில் பித்தளை போய்விட்டது. நட்டைக் கழற்றி எறிந்தேன்.

நான்கு வழி இருந்தது. முழுச் செம்பையும் எடுத்து பிவிசி போடுவது: 1.2 மீட்டர் தூரம் முருகைக்கல் சுவரைக் கொத்த வேண்டும். கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "உளி வச்சா ஒரு சாண் கேட்டா ரெண்டு முழம் உதிரும்ணே" என்றார். இரண்டாவது, செம்பை அப்படியே விட்டுவிட்டு வேறு இடத்தில் துளை போட்டு வெளியே எடுப்பது. அடிப்பக்கத்தில் ஒரு ஊசித்துளை தெரிந்திருந்தாலும் உம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இதைத்தான் செய்திருப்பேன்.

மூன்றாவது வழி, ஈயப் பற்று வைத்துச் செம்பில் மரை, அதாவது திருகுவரி உள்ள ஒரு அடாப்டரைப் பிடித்து, அதில் பிவிசியை முடுக்குவது. துபாயில் எட்டு வருஷம் காப்பர் வேலை பார்த்ததால் என் கை தானாக அங்கேதான் போனது. ஆனால் கிடைப்பது 35 மி.மீ. சாக்கெட், என் குழாய் 34.6. ஈயம் உறிஞ்சி ஏறும் இடைவெளி சன்னமாகவும் சுற்றிலும் ஒரே சீராகவும் இருக்க வேண்டும். இங்கே ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் 0.4 மி.மீ. திறந்து நிற்கும். அதைவிடப் பெரிய பயம் சூடு. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பழைய பற்று 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். செம்பு சூட்டை நொடியில் கடத்தும். நான் இங்கே புளோ லேம்ப் காட்டினால் சுவருக்குள் இருக்கும் முழங்கையின், அதாவது குழாய் திரும்பும் வளைவுத் துண்டின் அறுபது வருஷப் பற்று இளகிவிட்டால் யார் பார்ப்பது? ஈரத்துணி சுற்றலாம்தான். சுவருக்குள் ஈரத்துணி சுற்ற முடியாது.

இதோடு இன்னொன்று. உலோக ஆண் மரையின் மேல் பிளாஸ்டிக் பெண் மரையை முடுக்கினால், டெஃப்லான் டேப் கூடக் கூட பிளாஸ்டிக்தான் விரிந்து பிளக்கும். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் பிளாஸ்டிக் ஆண், உலோகம் பெண். இந்த ஒரு விஷயத்தைத் தலைகீழாகச் செய்ததால் வந்த கசிவுகளை இந்த வட்டாரத்தில் எண்ணிக்கையில்லாமல் பார்த்திருக்கிறேன்.

நான்காவது, இரண்டு முனையையும் மூடிப் பிடிக்கும் ரப்பர் கப்ளிங். இரு பக்கமும் ஸ்டீல் கிளிப். சூடு இல்லை, மரை இல்லை, செம்பும் வேறு உலோகமும் தொட்டுக்கொள்ளவும் இல்லை. பிவிசி செம்பைப் போல நான்கு மடங்கு விரிந்து சுருங்கும். ரப்பர் அதற்கு இடம் கொடுக்கும். வேண்டுமென்றால் நாளைக்கே கழற்றலாம். இதையே எடுத்தேன். உள்ளூர்க் கடையில் இல்லை, மதுரையில் சொல்லிவைத்து நான்காம் நாள் வந்தது.

வேலை

முதலில் உயரம். பேசினை மேலே தூக்கினால் எளிதில் முடிந்திருக்கும். ஆனால் உம்மா அந்தப் பேசினில்தான் ஐந்து வேளையும் தொழுகைக்கு முன் கை, முகம் கழுவி ஒளு செய்கிறார். முழங்கையை மேலே தூக்கிக் கழுவ அவருக்கு ஏற்கெனவே சிரமம். 80 சென்டிமீட்டர் விளிம்பை ஒரு விரலும் உயர்த்தக் கூடாது என்று முடிவு செய்தேன்.

விடை வேஸ்ட் கப்ளிங்கில் கிடைத்தது. அது 3 இஞ்ச், 5 இஞ்ச், 7 இஞ்ச் என்று நீளத்தில் வரும். முன்பு போட்டது 5. கடையில் கைக்குக் கிடைத்ததை வாங்கியிருப்பார். இந்தப் பேசினுக்கு 3 இஞ்சே போதும். மாற்றியதும் ட்ராப் 5 சென்டிமீட்டர் மேலே ஏறி 52-ல் வந்து நின்றது. சுவரில் 51. ஏற்றம் இறக்கமாக மாறிவிட்டது, 25 சென்டிமீட்டருக்கு 1 சென்டிமீட்டர். இந்தப் பேசினில் நிரம்பி வழியாமல் இருக்க மேலே ஓட்டை உண்டு. அதனால் பக்கவாட்டில் திறப்புள்ள ஹாஃப் திரெட் கப்ளிங்தான் போட வேண்டும். அதையும் பார்த்து வாங்கினேன். முந்தையது ஃபுல் திரெட். அந்த ஓட்டைக்குள் போன தண்ணீருக்குப் போக்கிடமே இருந்ததில்லை.

செம்பின் வாயைச் சதுரமாக அறுத்து, உள்விளிம்பின் பிசிறை அரத்தால் வழித்தேன். பிசிறு ஒரு மயிரைப் பிடித்தால் போதும், அதில் அடுத்தது தொங்கும். வெளிப்புறம் உப்புத்தாள் போட்டு 4 சென்டிமீட்டருக்குச் சிவக்கத் தேய்த்தேன். வளையும் பைப்புக்குப் பதில் நேரான 32 மி.மீ. பிவிசி. இங்கே 40 மி.மீ. போட்டால் இன்னும் நல்லதே என்று பேரன் சொன்னான். வடிகால் போகும் திசையில் குழாய் அகலலாம், குறுகக் கூடாது. 40-லிருந்து 32 துளைக்குள் இறங்கும் படியில்தான் அத்தனை கசடும் உட்காரும். 32 பிவிசியின் உள்துளையைவிடச் செம்பின் உள்துளை பெரியது, அதனால் தண்ணீர் தடையில்லாமல் இறங்கும்.

கிளிப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பட்டை மட்டும் ஸ்டெயின்லெஸ், திருகு சாதா இரும்பில் முலாம் என்று வருகிற கிளிப்தான் கடைகளில் அதிகம். காந்தத்தைத் திருகில் வைத்துப் பாருங்கள்; இறுகப் பிடித்தால் வேண்டாம். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலம் துருவால் 2022 டிசம்பரில் ரயிலுக்கு மூடிய கடற்கரை இது. இங்கே உப்பைத் தாங்கும் 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டு வாங்க வேண்டும். முடுக்கும்போது ஸ்பேனர் வேண்டாம், கைத் திருப்புளி போதும், அடிப்பக்கம் 0.8 மி.மீ. செம்பு, அமுங்கிவிடும்.

வெளிப்பக்கம் போய்ப் பார்த்தது கடைசியில். முதலிலேயே போயிருக்க வேண்டும். செம்பு சுவரைத் தாண்டும் இடத்தில் எப்போதோ யாரோ ஒரு ஜி.ஐ. முழங்கையைச் சேர்த்திருந்தார்கள். தொட்டதும் பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. செம்பின் மேல் ஓடிவரும் தண்ணீர் கொஞ்சம் செம்பைக் கரைத்துக்கொண்டு வந்து துத்தநாக முலாம் பூசிய இரும்பில் விடும். விட்ட இடமெல்லாம் இரும்பு குழி விழுந்து அரிக்கும். இரும்புக்குப் பிறகு செம்பு வரலாம், செம்புக்குப் பிறகு இரும்பு வரவே கூடாது. அங்கும் ரப்பர் கப்ளிங், பிவிசி முழங்கை, வெளியே தரையில் இருக்கும் கல்லி ட்ராப் தொட்டி வரை புதுக் குழாய்.

சோதனைக்கு வெளி முனையை சைக்கிள் டியூப் சுற்றிய துணிப்பந்தால் அடைத்து, பேசின் பாதி வரை நிரப்பி, நீலம் கலந்து, மட்டத்தில் பென்சில் கோடு போட்டு இரண்டு மணி நேரம் விட்டேன். கோடு அசையவில்லை. சுவருக்குள் இருக்கும் 1.2 மீட்டரும் நன்றாக இருக்கிறது என்பதற்கு எனக்கு இதைவிட வேறு சாட்சி தேவைப்படவில்லை. வெள்ளைத் துணி இரண்டு ஜாயின்ட்டிலும் வெள்ளையாகவே இருந்தது.

உம்மாவிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொண்டேன். அந்தப் பேசினில் கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றக் கூடாது; மெலிந்த அடிப்பக்கத்தை அதுதான் முதலில் தின்னும். வாரம் ஒருநாள் சலவை சோடா கலந்த வெந்நீர் போதும். அடுத்தது, மகன் வீட்டுக்குச் சென்னைக்கு மாதக்கணக்கில் போகும்போது ட்ராப்பில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். தண்ணீருக்கு மேல் எண்ணெய் மிதந்தால் சீக்கிரம் வற்றாது, சாக்கடை நாற்றம் வீட்டுக்குள் ஏறாது. பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறைந்த ஊர் இது. திறந்ததும் மூக்கைப் பொத்துகிற வீடுகளில் பாதி வறண்ட ட்ராப்தான்.

மூன்றாம் மாதம் போனேன். ரப்பர் படிந்து கிளிப் சற்று இளகியிருந்தது, கால் திருப்பு முடுக்கினேன். இதைச் செய்யத்தான் வேண்டும். போட்டுவிட்டு மறந்துவிடும் ஜாயின்ட் அல்ல இது. பேசின் நிறைய விட்டால் சுழித்துக்கொண்டு ஒரே மூச்சில் இறங்குகிறது. சுவர் கீழிருந்து காய்ந்து, எல்லாச் சுவரையும் போல வெள்ளையாக உப்புப் பூக்க ஆரம்பித்திருந்தது. பச்சைக் கறை மேல் சுண்ணாம்பு அடித்துத் தரவா என்று கேட்டேன். இன்னொரு மழைக்காலம் பார்த்துவிட்டு அடிக்கலாம், மறுபடி பச்சை வந்தால் தெரியட்டும் என்றார் உம்மா. ஐப்பசி கழிந்ததும் போய்ப் பார்க்க வேண்டும்.